விறகு பாய்லரைக் கெடுப்பது நெருப்பில்லை

ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்து முடிவதற்குள் அரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. கேட்டவுடன் நம்ப முடியாதுதான். ஆனால் கணக்கு எளிது. நன்றாகக் காய்ந்தது என்று விற்கப்படும் விறகிலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். அது 200 கிராம். மீதமுள்ள 800 கிராம் மரப்பொருளில் ஏறத்தாழ 6 சதவீதம் ஹைட்ரஜன். அது ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது இன்னும் 430 கிராம் தண்ணீர் புதிதாக உண்டாகிறது. இரண்டையும் கூட்டினால் 630 கிராம். கடுங்குளிர் நாளில் 30 கிலோ விறகு எரிக்கும் வீட்டின் புகைபோக்கி, அந்த ஒரே நாளில் சுமார் 19 லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியே அனுப்புகிறது.

வீட்டைச் சூடாக்கும் விறகு பாய்லர் ஏன் பழுதாகிறது என்று தேடிப் போனால், திரும்பத் திரும்ப இந்தத் தண்ணீரிடம்தான் வந்து நிற்போம். நெருப்பு நன்றாக எரியும்வரை பாய்லருக்குப் பெரிய கேடு வருவதில்லை. வெளியேற வேண்டிய ஆவி உள்ளேயே நீராகப் படியும்போதும், காயாத விறகு நெருப்பைத் தணிக்கும்போதும், குழாய்களுக்குள் புதுத் தண்ணீர் அடிக்கடி புகும்போதும்தான் சீர்கேடு தொடங்குகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பராமரிப்பின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

ஆஸ்திரியா, தெற்கு ஜெர்மனி, ஸ்வீடன், அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்கள் போன்ற இடங்களில் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் வீட்டுக்குள் வெப்பம் வேண்டும். காடு அருகில் இருப்பதால் விறகு மலிவு. பலருக்குச் சொந்தக் காடே உண்டு. இந்த வீடுகளின் நிலவறையிலோ பக்கத்துக் கொட்டகையிலோ ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கும். உள்ளே விறகு எரியும் அறை, அதைச் சுற்றியுள்ள இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர். நம் ஊர்ப் பழைய வீடுகளின் குளியலறையில், நடுக்குழாயில் நெருப்பும் சுற்றிலும் தண்ணீருமாக நின்ற செம்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று புரியும். அந்த ஊர் வீடுகளில் இந்தத் தண்ணீரை யாரும் மொண்டு குளிப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு பம்பு அதைக் குழாய்களில் அறை அறையாக அனுப்புகிறது. ரேடியேட்டர்களில் சூட்டை இறக்கிவிட்டு அதே தண்ணீர் பாய்லருக்குத் திரும்புகிறது. வருடக்கணக்காக அதே தண்ணீர்தான் சுற்ற வேண்டும். இந்த விதி பின்னால் முக்கியமாக வரப்போகிறது.

மெய்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர்

1973-இன் எண்ணெய் நெருக்கடி, எண்ணெய் எரித்து வீட்டைச் சூடாக்கிய பல லட்சம் குடும்பங்களை விறகை நோக்கித் திருப்பியது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் விறகடுப்புகள் மளமளவென்று விற்றன. இரவு படுக்கப் போகும்முன் அடுப்பு நிறைய விறகைத் திணித்து, காற்று வரும் வழியை ஏறக்குறைய மூடிவிடுவார்கள். விறகு எரியாமல் விடியும்வரை புகைந்துகொண்டே இருக்கும், வீடும் ஓரளவு கதகதப்பாக இருக்கும். நீண்ட நேரம் எரிகிறது என்பதையே சிக்கனம் என்று எண்ணினார்கள். அதன் பலனாகப் புகைபோக்கிகளில் தார் அப்பிக்கொண்டது. தார் தீப்பிடித்து வீடுகள் எரிந்தன.

மெய்ன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் ஹில் இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்கினார். 1970களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த உலை, விறகை மெதுவாக எரிக்க முயலவே இல்லை. வெப்பம் தாங்கும் கற்களால் சூழப்பட்ட சிறிய அறையில், விசிறி ஊதிய காற்றில், விறகு முழு வீச்சில் எரிந்தது. வெப்பம் உடனே தேவைப்படாவிட்டால் நெருப்பைத் தணிக்காமல், வெப்பத்தைப் பெரிய தொட்டித் தண்ணீரில் சேர்த்து வைத்தார். நெருப்பும் வீடும் ஒரே வேகத்தில் போக வேண்டியதில்லை என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். என் மதிப்பீட்டில், வீட்டு விறகு வெப்பத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய யோசனை வேறில்லை.

அது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு விறகின் வேதியியலைப் பார்க்க வேண்டும். விறகு கட்டையாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களாகப் பிரியத் தொடங்கும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் இப்படி வாயுவாகவே கிளம்புகிறது. கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன், மீத்தேன், தார் ஆவி எல்லாம் அதில் உண்டு. நாம் காணும் சுடர் இந்த வாயுக்கள் எரிவதுதான். மிஞ்சும் கரி மட்டுமே கட்டையாக நின்று தணலாக எரிகிறது. வாயுக்கள் முழுதாக எரியப் போதுமான காற்றும், பல நூறு டிகிரி வெப்பமும், கலப்பதற்கு நேரமும் வேண்டும். காற்றை அடைத்துவிட்டால் விறகு வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அந்த வாயு எரியாது. விறகின் பெரும்பகுதி புகையாகப் போய்விடும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காத ஐரோப்பாவில் பல்லாயிரம் லாரிகளும் கார்களும் இந்த மரவாயுவில்தான் ஓடின. அந்த வேதியியலை வீட்டுக்குள் கொண்டுவந்ததே இன்றைய மரவாயு பாய்லர். மேல் அறையில் விறகு. விசிறி, வாயுவைக் கீழே இழுத்து, வெப்பம் தாங்கும் கல்லில் அமைந்த நாசில் என்னும் குறுகிய துளை வழியே கீழ் அறைக்கு அனுப்புகிறது. அங்கே புதுக் காற்றோடு கலந்து 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரிகிறது. பிறகு செங்குத்துக் குழாய்கள் வழியே போய்த் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, 150 முதல் 180 டிகிரி சூட்டில் புகைபோக்கிக்குள் நுழைகிறது. ஐரோப்பியத் தரநிலையின் உயர் வகுப்பில் இத்தகைய பாய்லரின் திறன் சுமார் 88 சதவீதம் இருந்தாக வேண்டும்.

ஹில் சொன்ன தொட்டி இன்று ஜெர்மனியில் சட்டமாகவே இருக்கிறது. கையால் விறகு போடும் பாய்லருக்கு, ஒரு கிலோவாட் திறனுக்குக் குறைந்தது 55 லிட்டர் என்ற கணக்கில் தொட்டி வைக்க வேண்டும். 30 கிலோவாட் பாய்லருக்கு 1,650 லிட்டர். அந்தத் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றினால் ஏறத்தாழ 96 யூனிட் ஆற்றல் உள்ளே சேரும். மின்கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான்.

திரும்பி வரும் தண்ணீர் செய்யும் சேதம்

ரேடியேட்டரில் சூட்டை இழந்த தண்ணீர் 30, 35 டிகிரியில் பாய்லருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரின் மறுபக்கம் பல நூறு டிகிரிச் சூட்டில் வாயு ஓடுகிறது. நடுவிலுள்ள இரும்புச் சுவரின் சூடு எவ்வளவு இருக்கும்? இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று என்றுதான் எல்லோரும் ஊகிப்போம். உண்மையில் அது தண்ணீரின் சூட்டைவிடச் சில டிகிரியே கூடுதலாக இருக்கும். வாயு மிக மந்தமாகத்தான் சுவருக்கு வெப்பம் தருகிறது. தண்ணீரோ வந்த வெப்பத்தை உடனே வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே உள்ளே எவ்வளவு பெரிய நெருப்பு எரிந்தாலும் 35 டிகிரித் தண்ணீர் தொடும் சுவர் கிட்டத்தட்ட 40 டிகிரியில்தான் நிற்கும்.

விறகுப் புகையின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 50 டிகிரி. ஈர விறகு என்றால் 60-ஐ நெருங்கும். எனவே அந்தக் குளிர்ந்த சுவரில் நீர் வியர்த்து வழியும். வெறும் நீராக இருந்தால்கூட இரும்புக்குக் கேடுதான். இதிலோ மரம் சிதையும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் கரைந்திருக்கும். அந்த நீரில் புகைக்கரி ஒட்டும், அதன்மேல் தார் படியும், அதற்கு அடியில் அமிலம் இரும்பைத் தின்னும். 20, 25 ஆண்டுகள் உழைக்க வேண்டிய பாய்லர் சில குளிர்காலங்களிலேயே ஓட்டையாகிப் போவது பெரும்பாலும் இதனால்தான். நெருப்பு அந்த இரும்பை உருக்கவில்லை. குளிர்ந்த தண்ணீர் அதை அரிக்க வைத்தது.

அதனால் திரும்பி வரும் தண்ணீர் பாய்லருக்குள் நுழையும்போது 55 அல்லது 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. இதற்காகக் குழாயில் ஒரு மூவழி வால்வு வைக்கிறார்கள். பாய்லரிலிருந்து வெளியேறும் சுடுதண்ணீரில் ஒரு பங்கை நேராகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரோடு கலந்து, உரிய சூட்டில் உள்ளே அனுப்புவது அதன் வேலை. உள்ளே மெழுகு நிரப்பிய சிறு குப்பி ஒன்று சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கிறது. மின்சாரம் தேவையில்லை, சத்தமில்லை. அதனாலேயே அது சிக்கிக்கொண்டு நின்றாலும் யாருக்கும் தெரிவதில்லை. வீடு சூடாகத்தான் இருக்கும், பாய்லர் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி மிக மலிவானது. பாய்லருக்குள் நுழையும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் தலா ஒரு வெப்பமானியைக் கட்டிவிட வேண்டும். எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியும் நுழையும் குழாய் 40 டிகிரியிலேயே இருந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம். இரண்டு பக்கமும் அடைப்பு வால்வு வைத்துக் குழாய் அமைத்திருந்தால், முழு அமைப்பையும் வடிக்காமல் அந்தக் குப்பியை மட்டும் மாற்றிவிடலாம். புதிதாகப் பாய்லர் வைப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டிய முதல் வசதி இந்த அடைப்பு வால்வுகள்தான் என்பேன்.

காய்ந்த விறகு என்றால் என்ன

ஈர விறகு வெப்பம் குறைவாகத் தரும் என்பது எல்லோரும் அறிந்தது. ஏன் குறைகிறது என்பதில்தான் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். தண்ணீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் போய்விடுகிறது என்பார்கள். அப்போதே வெட்டிய மரத்தில் எடையில் பாதி தண்ணீர். ஒரு கிலோ பச்சை விறகிலுள்ள அரை லிட்டர் நீரை ஆவியாக்க 0.34 யூனிட் போதும். மீதி அரை கிலோ மரப்பொருளில் 2.6 யூனிட் இருக்கிறது. கணக்குப்படி நட்டம் பெரிதில்லை. உண்மையான நட்டம் வேறிடத்தில் நடக்கிறது. ஆவியாகும் நீர் எரியும் அறையின் சூட்டை இறக்கிவிடுகிறது. சூடு இறங்கியதும் வாயுக்கள் எரியாமல் தப்பிப் போகின்றன. நீர் திருடுவது கொஞ்சம், அது தப்பவிடும் வாயுவோடு போவது மிக அதிகம். போதாததற்குப் புகையின் பனிநிலையையும் அது உயர்த்திவிடுகிறது.

20 சதவீத ஈரம் வரை காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் தரும். அந்த நிலைக்கு வர, பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு, மென்மரத்துக்கு ஒரு கோடையும் ஓக் போன்ற வன்மரத்துக்கு இரண்டு கோடையோ அதற்கு மேலோ வேண்டும். பட்டை வழியே ஈரம் எளிதில் போகாது, அதனால் பிளப்பது கட்டாயம். நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி 2013-இல் ஒரு மாலை முழுவதும் விறகு பற்றியே நிகழ்ச்சி ஒளிபரப்பியபோது, அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பார்வையாளர்கள் சண்டையிட்டார்கள். அந்த அளவுக்கு அக்கறை காட்டும் மக்கள் அவர்கள். கூரை இருந்தால் எப்படி வைத்தாலும் காயும்.

ஈரமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் ஊசி ஈரமானி, தண்ணீரின் எடையை உலர்ந்த மரத்தின் எடையால் வகுத்துக் காட்டுகிறது. 800 கிராம் மரப்பொருளில் 200 கிராம் தண்ணீர் என்றால் அது 25 என்று காட்டும். மொத்த எடையில் பார்த்தால் அதே விறகு 20 சதவீதம். ஜெர்மன் சட்டம் விறகுக்கு விதிக்கும் 25 என்ற வரம்பும் ஈரமானி காட்டும் அந்தக் கணக்குதான். கையேட்டில் 20 என்றும் கருவியில் 25 என்றும் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஊசியைக் கட்டையின் முனையில் குத்தக் கூடாது. முனை முதலில் காய்ந்துவிடும். அப்போதே பிளந்த உட்புறத்தில் குத்திப் பார்க்க வேண்டும். உறைபனியில் கிடந்த கட்டையை நேராக எடுத்து அளந்தால் கருவி குறைத்துக் காட்டும்.

புகைக்கரி, தார், தீ

பாய்லரின் பின்பக்கம் புகை வெளியேறும் குழாயில் உள்ள வெப்பமானியைவிடப் பயனுள்ள கருவி வீட்டில் வேறில்லை. குழாய்களைச் சுத்தம் செய்த மறுநாள் முழுச்சுடரில் அது என்ன காட்டுகிறது என்பதைச் சுவரில் எழுதி வைக்கலாம். 170 என்று இருந்தது சில வாரங்களில் 200 ஆனால், உள்ளே படிந்த புகைக்கரி வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கிறது என்று பொருள். கூடும் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஏறத்தாழ 1 சதவீத வெப்பம் வானத்துக்குப் போகிறது. பல பாய்லர்களில் குழாய்களுக்குள் திருகுச் சுருள்கள் இருக்கும். வெளியே உள்ள நெம்புகோலை ஆட்டினால் அவை கரியைச் சுரண்டி விழச் செய்யும். அந்த நெம்புகோல் நகர மறுத்தால் வலுவாக இழுக்க வேண்டாம். உள்ளே தார் ஒட்டியிருக்கிறது. நன்றாக எரியும் நெருப்பில் பாய்லரைச் சூடாக்கிய பிறகு அது இளகும். தார் ஏன் வந்தது என்பதைத்தான் அடுத்துத் தேட வேண்டும்.

பிரஷ்ஷில் வருவது உலர்ந்த சாம்பல்நிறத் தூளாக இருந்தால் எரிப்பு நலம். கறுப்பாகச் செதில் செதிலாக வந்தால் கவனம் தேவை. கண்ணாடி போல் பளபளத்து, பிரஷ்ஷுக்கு அசையாமல் ஒட்டியிருந்தால் அது கெட்டித் தார். அதைத் தொழில் தெரிந்தவரிடம்தான் விட வேண்டும். அந்தத் தார் புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் உள்ளே 1000 டிகிரியைத் தாண்டும். ரயில் ஓடுவது போன்ற இரைச்சல் கேட்கும். அந்நேரம் செய்ய வேண்டியவை: காற்று வழிகளை மூடுவது, எல்லோரையும் வெளியேற்றுவது, தீயணைப்புத் துறையை அழைப்பது. மேலிருந்து தண்ணீர் ஊற்றவே கூடாது. நீர் ஆவியாகும்போது 1,700 மடங்கு பெருகிப் புகைபோக்கியையே பிளந்துவிடும்.

புகைக்கரி தோலுக்கும் நுரையீரலுக்கும் தீங்கு. 1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், சிறு வயதில் புகைபோக்கிகளுக்குள் ஏறிச் சுத்தம் செய்தவர்களுக்கு விரைப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார். செய்யும் தொழில் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று மருத்துவம் அறிந்த முதல் சந்தர்ப்பம் அது. ஏழைச் சிறுவர்களின் உடலில் எழுதப்பட்ட அறிவு. கையுறையும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் பாய்லரைச் சுத்தம் செய்ய இறங்குவது அந்த அறிவை மதிக்காத செயல்.

ஜெர்மனியில் புகைபோக்கி சுத்தம் செய்பவர் வெறும் தொழிலாளி மட்டுமல்ல. வட்டாரத்துக்கு ஒருவராக நியமிக்கப்படும் அவர், ஏழு ஆண்டு பதவிக் காலத்தில் இருமுறை ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் புகைவழியையும் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். அந்த ஏற்பாடு மற்ற நாடுகளுக்கும் வர வேண்டும்.

தேயும் பாகங்கள்

கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிறு காலப்போக்கில் அமுங்கித் தட்டையாகிவிடும். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. முதலில் கீலை இறுக்கிப் பார்க்கலாம், போதாவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். விலை சொற்பம். ஆனால் அது ஒழுகினால் காற்றளவைக் கட்டுப்படுத்தும் எந்தக் கருவியாலும் பயனில்லை.

நாசில் கல்லில் விரிசல் கண்டு பதறுபவர்கள் உண்டு. தினமும் ஆயிரம் டிகிரிக்கு ஏறி இறங்கும் கல்லில் மயிரிழை விரிசல் வருவது இயல்பு. துண்டு பெயர்ந்து துளை அகன்றால்தான் மாற்ற வேண்டும். அது தேய்ந்து மாற்றப்படுவதற்காகவே செய்யப்பட்ட பாகம். விறகை அதன்மேல் வீசி எறியாமல் வைத்தாலே அதன் ஆயுள் கூடும்.

நவீன பாய்லர்களில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் இருக்கிறது. போஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி, 1976-இல் வால்வோ காரில் முதலில் வந்த அதே வகை. சூடான சிர்கோனியா பீங்கானின் ஒரு பக்கம் புகையும் மறுபக்கம் வெளிக்காற்றும் படும்போது, ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. அதைப் படித்துக் கட்டுப்பாட்டுக் கருவி காற்றைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சார் வயதாகித் தவறாகச் சொல்லத் தொடங்கினால் பாய்லர் தவறான காற்றோடு எரியும், தார் சேரும். சோதிக்க இயற்கையே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. குளிர்ந்த, சுத்தமான பாய்லரில் விசிறியை ஓடவிட்டுச் சென்சாரைச் சூடாக்கினால், திரையில் 21 சதவீதத்தை ஒட்டித் தெரிய வேண்டும். காற்றில் ஆக்சிஜன் அவ்வளவுதானே. வெகுவாக விலகினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

குழாய்க்குள் இருக்கும் தண்ணீர்

இனி மறுபக்கம். அழுத்தமானியின் முள் வாரத்துக்கு வாரம் இறங்குகிறது, வீட்டுக்காரர் குழாயைத் திறந்து நிரப்பிவிடுகிறார். பார்க்கச் சிறு வேலை. நான் இதைப் பாய்லரின் மெதுவான மரணம் என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் கரைந்த ஆக்சிஜனும் சுண்ணாம்பும் உள்ளே போகின்றன. ஆக்சிஜன் இரும்பைத் துருவாக்கும், சுண்ணாம்பு சுடுசுவரில் படியும். மூடிய அமைப்பில் முதலில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு தானே நின்றுவிடும். அதனால்தான் ரேடியேட்டரிலிருந்து வடித்த தண்ணீர் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. அது மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடு. செம்பழுப்பாக இருந்தால் புதிய ஆக்சிஜன் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது.

அழுத்தம் இறங்கும் காரணம் பல வீடுகளில் கசிவாகவே இருப்பதில்லை. தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3.6 சதவீதம் விரியும். 1,500 லிட்டர் அமைப்பில் அது சுமார் 54 லிட்டர். இந்தக் கூடுதல் அளவுக்கு இடம் தருவது விரிவுத் தொட்டி. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு, ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் காற்றோ நைட்ரஜனோ. வாயு கசிந்து போனாலோ சவ்வு கிழிந்தாலோ விரியும் தண்ணீருக்கு இடமில்லாமல் போகும். பாதுகாப்பு வால்வு திறந்து கொஞ்சம் வெளியேற்றும். நெருப்பு அணைந்து தண்ணீர் சுருங்கும்போது அழுத்தம் குறைந்து தெரியும். நிரப்புவார்கள். மறுநாள் மீண்டும் வெளியேறும். இப்படியே புதுத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

விரிவுத் தொட்டியின் வாயுப் பக்கத்தில் கார் டயரில் உள்ளதே போன்ற வால்வு இருக்கும். அதன் ஊசியை அழுத்தினால் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. காற்று வந்தால் அழுத்தத்தை அளக்கலாம், ஆனால் தண்ணீர்ப் பக்க அழுத்தத்தை முழுக்க இறக்கிய பிறகுதான். இல்லையென்றால் தண்ணீரின் அழுத்தத்தையே அளந்து ஏமாறுவோம். சொட்டுகிறதே என்று பாதுகாப்பு வால்வை அடைப்பதோ முடுக்கி மூடுவதோ உயிரோடு விளையாடும் காரியம்.

மின்சாரம் போன இரவு

எண்ணெய் பாய்லரில் மின்சாரம் போனால் நெருப்பும் அணைந்துவிடும். விறகு அப்படியில்லை. முழு அறை விறகு எரிந்துகொண்டிருக்கும்போது பம்பு நின்றுவிட்டால், விசிறியும் நின்று நெருப்பு தணியும் என்றாலும், தணல் வெகுநேரம் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டிருக்கும். அதற்காகவே பாய்லருக்குள் ஒரு குளிர்விப்புச் சுருள் இருக்கிறது. சூடு 95 டிகிரியை எட்டியதும் ஒரு வெப்ப வால்வு தானே திறந்து, குடிநீர்க் குழாயின் குளிர்ந்த நீரை அதற்குள் ஓடவிடும். ஆண்டுக்கொரு முறை அதன் பொத்தானை அழுத்தித் தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நகரத்தில் இது போதும். கிராமத்தில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறும் மின்மோட்டாரும்தான் தண்ணீர் தருகின்றன. எந்த மின்வெட்டு பம்பை நிறுத்தியதோ அதே மின்வெட்டு கிணற்று மோட்டாரையும் நிறுத்திவிடும். தேவைப்படும் ஒரே நேரத்தில் குளிர்நீர் வராது. அத்தகைய வீடுகளில், பம்பு இல்லாமலே சூடான நீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகும்படி அகலக் குழாய் அமைக்க வேண்டும், அல்லது பம்புக்கு பேட்டரி வைக்க வேண்டும். வீடு வாங்குபவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

மரவாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய உண்டு. நிறமும் மணமும் இல்லாமல் கொல்லும் வாயு. விறகு போடும் கதவை, விசிறி ஓடும்போது முதலில் விரலளவு திறந்து, வாயு இழுக்கப்பட்ட பிறகே முழுதும் திறக்க வேண்டும். பாய்லர் அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அதற்கும் காலாவதித் தேதி உண்டு, பின்னால் அச்சிட்டிருக்கும். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே, மரத்தரை அல்லாத இடத்தில் அதை வைக்க வேண்டும்.

வசந்தம் வந்து கடைசி முறை நெருப்பை அணைத்ததும் பெரும்பாலோர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு இலையுதிர் காலத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காரக்கூழாக மாறும். அதோடு புகைக்கரியில் தங்கிய அமிலமும் சேர்ந்துகொள்ளும். கோடையின் ஈரக்காற்று புகைபோக்கி வழியே இறங்கி நிலவறையின் குளிர்ந்த இரும்பில் நீராகப் படியும். பாய்லர் ஓடாத ஐந்து மாதங்களில் நடக்கும் இந்த அரிப்பு, ஓடும் ஏழு மாதங்களில் நடப்பதைவிட அதிகமாக இருக்கலாம். எனவே கடைசி நெருப்பு ஆறிய அதே வாரத்தில் சாம்பலை முழுவதும் வழித்தெடுங்கள், குழாய்களைத் தேய்த்துவிடுங்கள், கதவுகளைச் சற்றே திறந்து வைத்துக் காற்றோட விடுங்கள். குழாய்க்குள் இருக்கும் பழைய தண்ணீரை மட்டும் வடிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.